அண்ணி மாத்திரையில் என் பங்கு

“உனக்கு எத்தினி மாசம்?”

காலை எட்டு மணி. எங்கள் வீட்டு அடுக்களை. ஒரு கையில் டீ டம்ளர், இன்னொரு கையில் மாத்திரையோடு நின்றிருந்த என்னைப் பார்த்து எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மா கேட்ட கேள்வி இது.

எனக்கு வயது இருபத்துநாலு. கல்யாணம் ஆகவில்லை. பொன்னேரியில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பயாலஜி எடுக்கிறேன். மிச்ச நேரத்தில் உங்களுக்காக இந்தப் பத்தி எழுதுகிறேன். இரண்டுமே மாசமாகிற வேலை இல்லை.

“இன்னா நர்சம்மா கேக்கறீங்க?”

“கையில இன்னா அது?”

“சத்து மாத்திரை.”

“மாசமா இருக்கறவங்களுக்கு நாங்க குடுக்கற மாத்திரை அது. உங்க அண்ணிக்குக் குடுத்தது. உன் கையில இன்னா பண்ணுது?”

அதற்குள் அது கையில் இல்லை. பதற்றத்தில் முழுங்கிவிட்டேன்.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. சுடச்சுட எழுதாமல் இத்தனை வாரம் உங்களுக்கு பஸ், மழை, என் செருப்பு தொலைந்தது என்று வேறு வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் உண்டு. ஒரு ரத்த டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தேன். போன வியாழக்கிழமை வந்தது. என்ன வந்தது என்று கடைசியில் சொல்கிறேன். நாங்கள் ஏழு வாரம் காத்திருந்தோம்... நீங்கள் ஏழு நிமிடம் இருக்க மாட்டீர்களா?

முதலில் இருந்து வருகிறேன்.

எங்கள் வீடு பழவேற்காடு ஏரிக்கரையில். நைனாவும் அண்ணனும் ஏரியில் இறாலுக்கு வலை போடுகிறவர்கள். வீட்டில் பெண்கள் மூன்று பேர் — அம்மா, அண்ணி, நான். அண்ணி பெயர் கவுசல்யா. கவுசி. என்னைவிட ஒரே ஒரு வயது பெரியவள். லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண், வாய் ஓயாது. கல்யாணமாகி வந்த முதல் மாதமே என் அலமாரியில் பாதியையும் அம்மாவின் மனசில் முக்கால்வாசியையும் பிடித்துக்கொண்டவள். அவளுக்குத்தான் இது தலைப்பிரசவம்.

நாலாம் மாதம் பொன்னேரி ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி இரண்டு.

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்தார். அண்ணியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

“தினம் ஒரு மாத்திரை. ஒரு நாள் கூட விடக்கூடாது. பிரசவத்துக்கு முன்னாடி பத்தைத் தாண்டிடணும்மா. தாண்டிட்டா இங்கயே பார்த்துக்கலாம். இல்லன்னா நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன்.”

அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. ஏன் தெரியுமா? அவளுடைய அம்மா தினமும் பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்கிறார். மார்க்கெட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். ‘வலி எடுத்தா போன் போடு, கூடைய பக்கத்துக் கடையில குடுத்துட்டு ஓடியாந்துடறேன்’ என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மெட்ராஸ் என்றால்? எந்த பில்டிங், எந்த மாடி, வாசலில் யாரை உள்ளே விடுவார்கள்...

“எங்கம்மா கையைப் பிடிச்சிகினுதான் பெத்துப்பேன் தேனு,” என்றாள் பஸ்ஸில். தேனு நான்தான். “தெரியாத ஊர்ல தனியாப் படுத்துகினு என்னால முடியாது.”

“பத்து தாண்டினா போதும் அண்ணி. நான் இருக்கறேன்ல?”

“அதான் பயமா கீது.”

ஆக, பத்து. பத்தைத் தாண்டினால் பொன்னேரி, அம்மா கை. தாண்டாவிட்டால் மெட்ராஸ், தனியாக.

நான் சும்மா இருப்பேனா? களத்தில் இறங்கினேன். மாத்திரை எதற்கு, சாப்பாட்டிலேயே ஏற்றிவிடலாம் என்பது என் கட்சி. வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பீட்ரூட், மாதுளை, பேரீச்சை என்று ஒரு சார்ட் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இதே பக்கத்தில் பீட்ரூட்டைப் புகழ்ந்து ஒரு முழு வாரம் எழுதினேன் — ஞாபகம் இருக்கிறதா? சிலர் ஜூஸைப் போட்டோ எல்லாம் எடுத்து அனுப்பினீர்கள். அந்தக் கிளாஸைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

அம்மா முதல் நாளே கேட்டாள். “செவப்பா இருந்தா ரத்தமா? அப்ப வெந்த நண்டுல ஊசி குத்தி எடுத்துக்கலாமே.”

அண்ணி மூன்று நாள் குடித்தாள். நாலாம் நாளில் இருந்து ஜூஸ் கொல்லைப்புறச் செம்பருத்திக்குப் போனது. செடி நன்றாகத்தான் இருக்கிறது.

மாத்திரையின் கதை இன்னும் மோசம். “துருப்பிடிச்ச நங்கூரத்த நக்கினா மாதிரி கீது,” என்றாள். குமட்டல். மலச்சிக்கல். ஒரு நாள் காலை பாத்ரூமில் இருந்து பேயறைந்தவள் மாதிரி வெளியே வந்தாள்.

“கறுப்பா போவுது தேனு. உள்ள இன்னாமோ ஆயிடுச்சி.”

ஒன்றும் ஆகவில்லை. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சமாகும் இரும்பு அப்படித்தான் வெளியேறும். டீச்சர் அல்லவா? படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, கால் மணி நேரம் விளக்கினேன். அண்ணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். முடித்ததும் சொன்னாள்: “சரி... அப்ப இன்னிக்கு மாத்திர வேணாம்ங்கற.”

என் பிள்ளைகளின் மார்க் ஏன் அப்படி இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் நான் பஸ்ஸில் விழுந்தேன். பொன்னேரியில் இருந்து நின்றுகொண்டே வந்தவளுக்குத் தலை சுற்றி, கண் இருட்டி, பக்கத்தில் ஓர் அம்மா வைத்திருந்த கருவாட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா என்னைத் தூக்கவில்லை. மூட்டையைத்தான் தூக்கி, நசுங்கிவிட்டதா என்று பார்த்தார்.

வீட்டில் சொன்னேன். அடுத்த நாள் காலை அம்மா அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, கடுகுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்து ஒரு சிவப்பு மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

“ஏதும்மா இது?”

“கீது. போடு. கேள்வி கேட்டுகினே போட்டா ரத்தம் ஊறாது.”

அன்றிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு தடவை என் கைக்கு ஒரு மாத்திரை வந்தது. மருந்துக் கடையில் வாங்கியிருப்பாள் என்று நினைத்தேன்... இல்லை, அதுவும் பொய். நினைக்கவே இல்லை. கொடுத்தாள், டீயோடு முழுங்கினேன். பெயரைப் படிக்காமல் எந்த மாத்திரையையும் போடாதீர்கள் என்று வகுப்பில் சொல்கிறவள் நான்.

ஐந்தாம் மாதம் அண்ணிக்கு எட்டு புள்ளி ஒன்பது. ஆறாம் மாதம் எட்டு புள்ளி நாலு. ஏற வேண்டியது இறங்குகிறது.

“மாத்திரை போடறியாம்மா?” என்றார் டாக்டரம்மா.

“போடறேன் மேடம்.”

பக்கத்தில் நின்ற அம்மா சத்தியம் செய்யாத குறை. “ஒரு மொற கூட தவறல மேடம். என் கையாலதான் எடுத்துக் குடுக்கறேன்.”

இரண்டு பேரும் சொன்னது அத்தனையும் உண்மை. சிக்கலே அதுதான். டாக்டரம்மா குழம்பிப்போய், பூச்சி இருக்கிறதா பார், வேறு ஏதாவது இருக்கிறதா பார் என்று இன்னும் நாலு டெஸ்ட் எழுதினார். எல்லாம் நார்மல். “இப்படியே போனா மெட்ராஸ்தான்மா,” என்று சொல்லிவிட்டார்.

அன்று பஸ்ஸில் பழவேற்காடு வரும்வரை அண்ணி வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் வந்த முதல் பஸ் அது. ஜன்னல் பக்கம் திரும்பி, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை. நர்சம்மாவுக்குப் போன் போட்டு, வீட்டுக்கே போய்ப் பாருங்கள், அந்த மாத்திரை எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நர்சம்மா எங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்றார். மாத்திரை எங்கே போகிறது என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். என் தொண்டைக்குள்.

உள்ளே வந்தார். அஞ்சறைப் பெட்டி திறந்திருந்தது. கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு... நடுக்கிண்ணத்தில் செக்கச்செவேல் என்று மாத்திரைகள். அட்டையில் இருந்து ஒவ்வொன்றாக, இறால் உரிக்கிற மாதிரி உரித்துப் போட்டு வைத்திருந்தாள் அம்மா.

நர்சம்மாவின் கண் சுவரில் இருந்த மாதக் காலண்டருக்குப் போனது. தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் குட்டிக் குட்டிப் படங்கள். இறால், நண்டு, மீன். இறால், நண்டு, மீன். மாதம் முழுக்க.

“இது இன்னா, சமையல் லிஸ்டா?”

“இல்ல நர்சம்மா,” என்றாள் அம்மா. குரலில் பெருமை. “பாடு.”

நர்சம்மா வெளியூர்க்காரர். விழித்தார். அம்மா பொறுமையாக விளக்கினாள்.

“ஏரில இறால் நல்லா விழற எடம் கொஞ்சம்தான கீது. எல்லாரும் ஒரே நாள்ல போய் வல போட்டா யாருக்கும் ஒண்ணும் வராது. அதனால மொற வச்சிக்கினு கீறாங்க. இன்னிக்கு நீ, நாளிக்கு நான். அதான் பாடு. சண்ட வராது, சச்சரவு வராது. மாத்திரையும் கொஞ்சம்தான குடுக்கறீங்க? வீட்ல மூணு பொம்பளைங்க. இவ பஸ்ல விழுந்துட்டு வந்தா. எனக்குக் கொடம் தூக்கினா மூச்சு வாங்குது. அதான் பாடு வச்சிட்டேன். இறால் போட்ட நாளு கவுசிது. நண்டு இவுளுது. மீனு என்து.”

“எனக்கு ஏன் நண்டு?” என்றேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிய கேள்வி அதுதான்.

“வாயத் தொறந்தா கடிக்கறல்ல.”

அந்தக் காலண்டரை நான் தினமும் பார்த்திருக்கிறேன். நைனா என்னென்ன கொண்டுவந்தார் என்று அம்மா குறித்து வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். நண்டு போட்ட நாளெல்லாம் என் கைக்கு மாத்திரை வருகிறதே என்று ஒரு நாளாவது... பேட்டர்ன் கண்டுபிடி என்று பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க் கொடுக்கிறவள் நான். போகட்டும்.

நர்சம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை.

“ஏம்மா, இது வீட்டுக்குக் குடுத்தது இல்ல. ஒரு ஆளுக்குக் குடுத்தது. அவளுக்குத் தினமும் ஒண்ணு வேணும். மூணு நாளைக்கு ஒண்ணு போட்டா எப்படிம்மா ஏறும்? உள்ள இருக்கற புள்ள வேற அவகிட்ட இருந்துதான எடுத்துக்குது? அதுக்கு எந்தப் பாடும் தெரியாது. தினமும் எடுக்கும்.”

ஏரியில் தண்ணீர் இறங்குகிற மாதிரி அம்மா முகத்தில் இருந்த பெருமை மெல்ல இறங்கியது.

“நான் ஓரவஞ்சன பண்ணல நர்சம்மா,” என்றாள். “சமமாத்தான் குடுத்தேன்.”

“அதான்மா தப்பு,” என்றார் நர்சம்மா, மெதுவாக.

அண்ணி வாசலில் உட்கார்ந்து இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் அண்ணி சொல்லல? டாக்டர் கேட்டப்ப கூட சொல்லல.”

“ஒண்ணு, அந்தக் கருமத்த தெனிக்கும் போடாம இருந்தா போதும்னு இருந்துச்சி. மூணு நாளிக்கு ஒருக்கா கொமட்டினா தாங்கிக்கலாம். ஒண்ணு கொறஞ்சா இன்னா ஆயிடும்னு நெனச்சிட்டேன்.”

“ரெண்டு?”

ஓர் இறாலின் தலையைக் கிள்ளி எறிந்தாள். “மூணு பேரும் ஒரே சட்டில சாப்பிடறோம். நீ பஸ்ல விழுந்துட்டு வந்து நிக்கற. அத்த மூச்சு வாங்கிகினு கீது. நான் மட்டும் தனியா எடுத்து முழுங்கிகினு உக்காந்திருக்கவா? நல்லா இருக்குமா?”

நானும் ஓர் இறாலை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏரியில் பாடு என்பது ஆண்களுடையது. கிராமக் கூட்டத்தில் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அதில் நைனாவுக்கு இடம் உண்டு, அண்ணனுக்கு உண்டு. அம்மாவுக்குக் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அந்த நியாயத்தை வெளியில் நின்றே பார்த்தவள். முதன்முதலாகத் தன் கையால் முறை பிரிக்க அவளுக்கு ஏதோ கிடைத்தது... ஓர் அட்டை மாத்திரை. அதை ஒரு நாள் பிசகாமல், ஒரு மாத்திரை கூடக் குறையாமல் நடத்தியிருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலையில் வருகிற பெரிய இறால் ஏற்றுமதிக் கம்பெனிக்காரருக்கு. நடுத்தரம் மார்க்கெட்டுக்கு. மிச்சம் வீட்டுக்கு. மீன் குழம்பு வைத்தால் துண்டு நைனாவுக்கும் அண்ணனுக்கும். எங்கள் மூன்று பேருக்கு? குழம்பு. குழம்பில்தான் ருசி எல்லாம் இறங்கியிருக்கிறது என்பாள் அம்மா. இருக்கலாம். ஹீமோகுளோபின் மெஷினுக்கு ருசி தெரியாதே.

நர்சம்மா மூன்று பேரையும் அடுக்களையில் வரிசையாக உட்காரவைத்தார்.

“டாக்டர்கிட்ட இப்பதான் பேசினேன். கவுசல்யா, இனிமே உனக்குக் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் விட்டுப் போடு, கொமட்டல் கொஞ்சம் கொறையும். எலுமிச்சம்பழத் தண்ணியோட போடு. நல்லா சேரும். மீன் சாப்பிடு, கீரை சாப்பிடு. அது மாத்திரைக்குத் தொணை. மாத்திரைக்குப் பதிலு இல்ல.”

இதைச் சொல்லும்போது என் பீட்ரூட் சார்ட்டை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை.

“முக்கியமா — டீ கூடாது. முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம். டீ அந்த இரும்ப உடம்புல சேர வுடாது.”

மூன்று பேரும் அடுப்பைப் பார்த்தோம். வலைக்குப் போகும்போது டீ, வந்ததும் டீ, விருந்தாளிக்கு டீ, துக்கத்துக்கு டீ. தண்ணீரில் ஓடுகிற ஊர் இல்லை எங்களுடையது, டீயில் ஓடுகிற ஊர்.

எனக்கு மட்டும் வேறு ஒன்று உறைத்தது. அத்தனை நண்டு நாளும் நான் மாத்திரையை டீயோடுதான் போட்டேன். அதாவது அண்ணியிடம் இருந்தும் எடுத்திருக்கிறேன், என் உடம்பிலும் சேரவிடவில்லை. பறித்ததை உருப்படியாகச் சாப்பிடக் கூடத் தெரியாத பயாலஜி டீச்சர்.

அம்மா ஒரு சந்தேகம் கேட்டாள். “புயல்ல ஒருத்தனுக்குப் பாடு போச்சின்னா, அப்பறமா சேத்துக் குடுக்கறது உண்டு. அந்த மாதிரி... விட்டுப்போனத எல்லாம் சேத்து இன்னிக்கே குடுத்துட்டா?”

நர்சம்மா எழுந்தே நின்றுவிட்டார். “வேணாம்மா, வேணவே வேணாம். சொன்னதுக்கு மேல ஒண்ணு கூட கூடாது. அதிகமாப் போனா அதுவே வெஷம். மொதல்ல அந்த அஞ்சறைப் பெட்டில இருந்து எடு. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க வந்து மிட்டாய்னு எடுத்துப் போட்டுக்கிச்சின்னா?”

அண்ணி கேட்டாள். “அப்பயும் ஏறலன்னா?”

“கைல ட்ரிப்ஸ் போட்டு இரும்புச்சத்து ஏத்துவாங்க. அதுக்கும் வழி இருக்கு, பயப்படாத.”

“ஊசியா? வேணாம். நான் நங்கூரத்தையே நக்கிக்கறேன்.”

போவதற்கு முன் நர்சம்மா எங்கள் விரலிலும் குத்திப் பார்த்தார். எனக்கு ஒன்பது புள்ளி எட்டு. அம்மாவுக்கு ஒன்பது புள்ளி ஒன்று. “உங்களுக்கும் வேணும்தான். ஆனா அவ கிண்ணத்துல இருந்து இல்ல. ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஏன் கொறஞ்சிருக்குன்னு பார்த்துட்டு உங்களுக்குன்னு தனியாத் தருவாங்க.”

போனோம். பார்த்தார்கள். தந்தார்கள். மூன்று பேருக்கும் தனித்தனி டப்பா, எட்டாத உயரத்தில். மூடி மேல் இறால், நண்டு, மீன். படம் வரைகிற பழக்கத்தை அம்மா விடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அம்மாவின் ஆட்சி. காலையில் மாத்திரை நேரம் முடியும்வரை அடுப்பில் டீ ஏறாது.

“மாத்திர உங்களுக்கு. எனக்கு ஏன் டீ இல்ல?” என்றார் நைனா.

“வாசன வந்தா கவுசி குடிச்சிடுவா. வேணும்னா டீக்கடைக்கிப் போ.”

நைனா முனகிக்கொண்டே போனார். ஏழு வாரத்தில் அவருக்கு டீக்கடையில் புதுசாக நாலு சிநேகிதர்கள்.

மீன் துண்டின் பாதையும் மாறியது. ஒரு மதியம் அண்ணன் குழம்புச் சட்டிக்குள் கரண்டி விட்டுத் துழாவித் துழாவிப் பார்த்தான். “எம்மா, துண்டு எங்க?”

“உன் புள்ள துன்னுட்டுது.”

அண்ணன் அண்ணியின் வயிற்றைப் பார்த்தான். வெறும் குழம்பை ஊற்றிக்கொண்டான். ருசியாகத்தான் இருந்திருக்கும்.

அண்ணிக்குக் குமட்டல் போய்விடவில்லை. குறைந்தது. போடும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ‘பொன்னேரி’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு முழுங்குவாள்.

போன வியாழக்கிழமை. ஒன்பதாம் மாதம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் மூன்று பேர். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் அம்மாவும் வந்துவிட்டார், ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி. கூடையைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு ஓடிவந்திருந்தார். ஒத்திகை மாதிரி.

லேபில் இருந்து பேப்பர் வந்தது. அண்ணி வாங்கினாள், பார்க்காமல் என் அம்மாவிடம் கொடுத்தாள். அம்மாவுக்கு எழுத்து வராது, என்னிடம் தள்ளினாள். எனக்கும் பிரிக்கக் கை வரவில்லை. எத்தனை ரிப்போர்ட் கார்டு கொடுத்திருக்கிறேன்... பிள்ளைகள் ஏன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

பிரித்தேன்.

“பத்து,” என்றேன்.

“புள்ளிக்கு அப்பறம்?” என்றாள் அண்ணி.

“ஒண்ணு.”

“தாண்டிச்சா?”

“தாண்டிச்சி அண்ணி.”

அண்ணி அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று பார்த்தேன். அவள் அம்மாதான் முந்திக்கொண்டார். மூக்கைச் சிந்திவிட்டு, மகளின் வயிற்றைப் பார்த்துச் சொன்னார்: “மத்தியானத்துக்கு மேல வரச் சொல்லு. காலையில யாவாரம்.”

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்துத் தலையாட்டினார். “இங்கயே பார்த்துக்கலாம். ஆனா மாத்திரைய நிறுத்தாத. குழந்தை பொறந்த அப்புறமும் சில மாசம் போடணும்.” அண்ணியின் முகத்தில் நங்கூரம் தெரிந்தது. சமாளித்துக்கொண்டாள்.

அடுத்து என் முறை. எனக்குப் பத்து புள்ளி ஆறு. ஏறியிருக்கிறது. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்: தினமும் போட்டதில் எனக்கு வயிற்றைப் பிடித்து இழுத்தது. விட்டுவிடலாமா, மறுபடி பீட்ரூட் பக்கமே போய்விடலாமா என்று இரண்டு வாரமாக யோசனை. அண்ணியை ‘போடு போடு’ என்று விரட்டியவள், தனக்கென்று வந்ததும் கட்சி மாறப் பார்த்தேன். நல்லவேளையாக, நானாக நிறுத்துவதற்கு முன் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

“நிறுத்த வேணாம்,” என்றார். “நீ மாசமா இல்லல்ல? ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு. வயிறும் தாங்கும், ரத்தமும் ஏறும். உனக்கு அது போதும்.”

அதுவரை சுவரோரமாக நின்றிருந்த அம்மா ஓர் அடி முன்னால் வந்தாள்.

“மேடம், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்கம்மா.”

“நடுவுல ஒரு நாளு விடறாளே... அந்த நாளு யாரு பாடு?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில், வலி வந்துவிட்டது என்று வெளியில் இருந்து ஓர் ஆயா ஓடிவந்தார்.

யாருடைய பாடும் இல்லை என்று அம்மாவுக்குப் புரியவைக்க, பொன்னேரியில் இருந்து பழவேற்காடு வரை முழு பஸ் பயணமும் எனக்குத் தேவைப்பட்டது. ஒரு நாளை யாருக்கும் இல்லாமல் சும்மா விடுவதா? அவளுக்கு மனசே ஆறவில்லை.

இன்று காலை காலண்டரைப் பார்த்தேன். இறாலும் மீனும் தினமும் இருக்கின்றன. நண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள். நண்டு இல்லாத நாட்களில் அம்மா புதுசாக ஒரு படம் போட்டிருக்கிறாள் — டீ டம்ளர்.